ஊக்கில் ஒட்டிய மீன்வாசம்

கமலநாதன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றபோதுதான் செல்வராணி அதைப் பார்த்தாள். இடது முழங்கைக்குக் கீழே, நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல ஒரு நீலம். எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றார். அதை நம்பலாம். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிப் பழகிய குரல் அவருக்கு. கால் விரல் நாற்காலியில் பட்டால்கூடத் தெப்ராவ் வட்டாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுகிற மனிதர். இடிக்காமலே நீலம் வந்திருக்கிறது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவள் பயம் உங்களுக்கும் புரியும். போன வருஷம் அவர் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். அந்த உலோகத்தில் இரத்தம் கட்டிக்கொண்டால் ஆள் பிழைக்கமாட்டார். கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை. அது வேலை செய்வது மிஞ்சிப்போனாலோ இரத்தம் தண்ணீராகிக் கண்ட இடத்தில் கசியும். தலைக்குள் கசிந்தால் அப்போதும் பிழைக்கமாட்டார். இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி, நடுவிலே வரப்பு மாதிரி ஒரு வழி. அந்த வரப்பில் அவரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவதுதான் ஒரு வருஷமாகச் செல்வராணிக்கு வேலை. கோத்தா திங்கி வீட்டில் வெள்ளம் புகுந்து, கட்டில் மிதந்ததைப் பார்த்துவிட்டு இங்கே மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். வீடு போனால் இன்னொரு வீடு என்று அப்போது அவள் சொல்லிக்கொண்டாள். இந்த மனிதர் போனால் அப்படிச் சொல்ல வழியில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் நீர்த்துப்போகிற அளவு ஏறியிருந்தது. மலாய்க்கார மிஸி, ஆஸ்பத்திரி நர்ஸ், நல்ல பெண், அவளை உட்கார வைத்துக் கேட்டாள். வேறு ஏதாவது மருந்து, ஜாமு மாதிரி மூலிகை, சத்து மாத்திரை என்று பெரியவருக்கு, பாக்சிக்குக்கு, கொடுக்கிறீர்களா? இல்லவே இல்லை என்றாள் செல்வராணி. கோயில் சூடத்தின் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன் என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மட்டும் ஆட்டினாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அது பொய்யில்லை. ஆனால் நீங்கள் மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், கோயிலில் பூ கட்டும் பிரேமலா வீட்டுக்கு வந்திருந்தாள். எண்ணெய் மாத்திரை விற்பது அவளுக்கு உபதொழில். வரும்போதே கடையில் சோறு தப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப்போகத் தரும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்தாள். யாரோ விற்கும் மீன் எண்ணெய் மாத்திரை என்று ஒன்றை எடுத்துக் குத்தி, பெட்டியின் மூடியில் எண்ணெயைச் சொட்டினாள். இதை உங்க வயிறுன்னு நெனச்சுக்குங்கக்கா, என்றாள். கொஞ்ச நேரத்தில் மூடி குழைந்து ஓட்டை விழுந்தது. பிறகு தன் மாத்திரையைக் குத்திச் சொட்டினாள். எண்ணெய் முத்தாக அப்படியே நின்றது. செல்வராணி லேசில் மசிகிறவள் இல்லை. வாங்குகிற வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்க்கிறவள். ஆனாலும் அந்த ஓட்டை அவள் கண்ணுக்குள் போய்விட்டது. நெஞ்சுக்கு நல்லது, இரத்தக் குழாயைக் கழுவிவிடும் என்று பிரேமலா சொன்னதும் கூடவே போய்விட்டது.

பிரேமலா நீட்டிய போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் செல்வராணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தத் தோலு எதுல செஞ்சது?"

"ஹலால்தான்க்கா. முத்திரை போட்டிருக்கு பாருங்க."

"பன்னி இல்லன்னு தெரியுது லா. மாடு இல்லன்னு எங்க போட்டிருக்கு?"

பிரேமலா போத்தலை வாங்கி உற்றுப் பார்த்தாள். "அலமாக், மீன் எண்ணெய்க்குள்ள மாடு எப்படிக்கா வரும்?" என்று சிரித்து மழுப்பினாள். செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் பல மாத்திரைகளுக்கு அந்தக் கண்ணாடி உறை செய்கிறார்கள் என்று அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். கமலநாதனோ மாட்டிறைச்சி வெந்த சட்டி என்று தெரிந்தால் அந்தக் கடை வாசலைக்கூட மிதிக்காதவர். பிரேமலாவின் எண்ணெய் வியாபாரத்தையும் வாய்விட்டுக் கேலி செய்கிறவர். அவரிடம் சொன்னால் வேலைக்காகாது.

அதனால் போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு செல்வராணி ஒரு வழி கண்டுபிடித்தாள். தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி மாத்திரையைக் குத்துவாள். எண்ணெயை அவருக்கென்று எடுத்து வைத்த கிண்ணத்து மீன் குழம்பில் பிழிவாள். தோலைப் பின்வாசல் வழியாகச் சந்துக்குள் வீசுவாள். மாடு வெளியே போய்விட்டது, மீன் மீனோடு சேர்ந்துவிட்டது. மீன் எண்ணெய் மீன் குழம்பில் விழுந்தால் அது குழம்புதானே? குழம்பை யாராவது மருந்து என்பார்களா? எண்ணெய் ஊற்றுவதற்கு யார் அளவு பார்ப்பார்கள்? கை போன போக்கில் ஒரு பிடி மாத்திரையைப் பிழிவாள். அவர் ஒருநாள், குழம்பில் மீன்வாசம் தூக்கலாக இருக்கிறதே என்றார். பொந்தியானிலிருந்து லோரியில் வருகிற கெம்போங் மீன், அப்படித்தான் இருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்றைக்கு மட்டும் பிழியமாட்டாள். அதுகூட அவளுக்கு அது மருந்தில்லை, மீன் என்பதற்குச் சாட்சி மாதிரி இருந்தது.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அவள் மனசு சொன்னது இதுதான்: நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

வீட்டில் வேறு யார்? மகன் கவின் துறைமுகத்தில் கொண்டேனர் லோரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதே தூங்கத்தான். மிச்சம் மருமகள் லோஷினி.

லோஷினிக்குச் சிங்கப்பூரில் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். கெட்ட பெண் என்று செல்வராணி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிற பெண். பேசாதவர்களிடம் செல்வராணிக்கு எப்போதுமே ஒரு கண். அதிலும் சமீபமாக அவள் கண்கள் சிவந்து கிடந்தன. அழுதாயா என்றால் இல்லை என்பாள். ஒருநாள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று எதையோ விழுங்கினாள். காலடிச் சத்தம் கேட்டதும் ஒரு பழுப்புப் போத்தல் விசுக்கென்று கைப்பைக்குள் போனது. வேலைவிட்டு வந்ததும் மாமனாருக்கு ஓட்ஸ் காய்ச்சிக் கொடுப்பதும் அவள்தான். முன்னெல்லாம் அதைப் பார்த்துச் செல்வராணி பூரித்துப்போவாள். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே பகீரென்றது.

ஓட்ஸை அவருக்கு முன்னால் தான் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு சரியா என்று பார்க்கிறேன் என்றாள். ஓட்ஸுக்கு உப்பா என்று கமலநாதன் கேட்டார். லோஷினி அத்தையின் கழுத்தையே ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எதற்கு என் தாலியைப் பார்க்கிறாள் என்று செல்வராணிக்குப் பிடிபடவில்லை. அதையும் சந்தேகத்தோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லோஷினி குளிக்கப் போன சமயம் பார்த்துக் கைப்பையைத் திறந்துவிட்டாள். செய்யக்கூடாத காரியம்தான். செய்தாள். பழுப்புப் போத்தல் இருந்தது. படத்தில் மீன். ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், மத்தியானம் வாங்கிய நுரைப்பெட்டி மூடியில் குத்திச் சொட்டினாள். சந்துப் பூனை ஓடிவந்து காலடியில் நின்றது. எண்ணெய் பரவியது. மூடி குழைந்தது. ஓட்டை.

பிரேமலா காட்டிய அதே ஓட்டை. இதைத்தான் அந்தப் பெண் என் மனுஷனுக்குக் கொடுக்கிறாளா?

அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் மகனின் குடித்தனம் கண் முன்னால் வந்தது. ஒரு வார்த்தை விட்டுவிட்டால் பிறகு அள்ள முடியாது. கையும் களவுமாகப் பிடித்த பிறகு பேசலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்ட அந்த நாட்களிலும் குழம்பில் எண்ணெய் விழுந்துகொண்டுதான் இருந்தது. உடம்பு கெட்டுக்கொண்டு வருகிறதே என்று இன்னும் நாலு சேர்த்தே பிழிந்தாள், பாவி மகள்.

வியாழக்கிழமை காலை கமலநாதன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். உமிழ்ந்த நுரை ரோஜா நிறம். வாய் கொப்பளித்தார், அது சிவப்பு. ஈறிலிருந்து நிற்காமல் கசிந்தது. அவர் சத்தம் போடவில்லை. தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல், "ராணி, இங்க கொஞ்சம் வா" என்று மெல்லக் கூப்பிட்டது. அதைக் கேட்டுத்தான் அவளுக்கு உயிரே போய்விட்டது.

போன் போனதும் லோஷினி பாதி வழியிலிருந்து திரும்பி வந்து காரை எடுத்தாள். அவள் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் கிடந்த கைப்பையிலிருந்து பழுப்புப் போத்தலை எடுத்துச் செல்வராணி தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். ஈறில் பஞ்சு வைத்து அழுத்தினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு மருந்தாளரிடம் அனுப்பினார். மருந்தாளர் ஷர்மினி என்ற தமிழ்ப்பெண், லோஷினி வயதுதான் இருக்கும். சின்ன அறை. மூன்று பேரும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கமலநாதன் பஞ்சைக் கடித்தபடி நடுவில்.

அளவு போன தடவையைவிட இன்னும் ஏறியிருக்கிறது என்றாள் ஷர்மினி. அவர் மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார், அளவை மாற்றக்கூடிய கீரையும் வழக்கம்போலத்தான், வேறு காரணம் ஏதாவது இருக்கவேண்டும். அவள் சொல்லி முடிக்குமுன் செல்வராணி பழுப்புப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதாம்மா. இவளைக் கேளுங்க."

லோஷினி போத்தலைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். தன் பையிலிருந்து எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"அது என் கண்ணுக்கு அத்தை," என்றாள். "நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்ல பார்க்கற வேலை. கண்ணு காய்ஞ்சு மண்ணு விழுந்த மாதிரி எரியுது. அடுத்த மாசம் கண்ணு டெஸ்ட்டு, தேறலன்னா லைன்லேருந்து தூக்கிருவாங்க. டாக்டர் சொன்ன சொட்டு மருந்தோட, இதையும் சாப்பிட்டுப் பாருன்னு ஒரு கூட்டாளி சொன்னா. உங்ககிட்ட சொன்னா நீங்க கோயில்ல சொல்லுவீங்க. அதான்."

செல்வராணிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. நுரைப்பெட்டியில் சொட்டிப் பார்த்ததையும் ஓட்டை விழுந்ததையும் சொன்னாள். ஷர்மினி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால்கூட அந்தப் பெட்டி உருகும், அதற்காக ஆரஞ்சு சாப்பிடாமல் இருக்கிறோமா, நம் வயிறு நுரைப்பெட்டியா என்று கேட்டாள். சில எண்ணெய் அதைக் கரைக்கும், சிலது கரைக்காது, அதை வைத்து எது நல்லது எது கெட்டது என்று சொல்ல முடியாதாம். பிரேமலா முத்து முத்தாக நிற்க வைத்த எண்ணெய் அந்த நிமிஷமே செல்வராணி மனசில் வழிந்துபோனது.

ஷர்மினி கமலநாதன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிடுவீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் அங்கிள் என்றாள். அவர் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். காலையில் தோசை. மத்தியானம் சோறு, மீன் குழம்பு. வேலைவிட்டு வந்து மருமகள் கொடுக்கிற ஓட்ஸ். மீன் குழம்பைச் சொல்லும்போது அந்த வாயிலும் ஒரு பெருமை வந்தது.

"இவ வைக்கிற குழம்பு இப்பல்லாம் மேல எண்ணெய் பளபளன்னு நிக்கும். மீன் நல்ல மீனு."

செல்வராணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. வெறும் குழம்பு என்றுதான் ஷர்மினி எழுதிக்கொண்டாள். இத்தோடு போகட்டும், இன்றைக்கே போத்தலைக் குப்பையில் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து ஷர்மினி பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"காரணம் தெரியலன்னா டாக்டர் மாத்திரையைக் குறைப்பாரு, ஆன்ட்டி. எனக்கு அதுதான் பயமா இருக்கு. நாம கண்டுபிடிக்காத அந்தக் காரணம் நாளைக்கு நின்னு போச்சுன்னா, குறைச்ச மாத்திரை பத்தாது. அப்ப வால்வுல இரத்தம் கட்டிக்கும்."

இந்தப் பக்கத்துக் குழி, அந்தப் பக்கத்துக் குழி. நடுவில் பஞ்சைக் கடித்துக்கொண்டு இந்த மனிதர்.

செல்வராணி தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி மேசையில், பழுப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்ன அறையல்லவா, மூடிய ஜன்னல், குளிர்சாதனம். மீன் எண்ணெயின் கவிச்சை மெல்ல எழுந்தது. மற்ற மூன்று பேர் மூக்கிலும் ஏறியது.

"நான்தான்," என்றாள். "தோலு மாடோன்னு சந்தேகம். குத்திக் குழம்புல ஊத்தினேன்."

எத்தனை மாத்திரை என்று ஷர்மினி கேட்டாள். செல்வராணி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். தினமுமா? வெள்ளிக்கிழமை தவிர.

ஷர்மினி திட்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். மீன் எண்ணெய் கொஞ்சமாக இருந்தால் எல்லாருக்கும் இப்படிச் செய்துவிடாது, ஆனால் கைப்பிடி கைப்பிடியாக, அதுவும் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தம் கசியத்தான் பார்க்கும் என்றாள். எண்ணெயை நிறுத்துங்கள். இன்றைக்கு அங்கிள் மாத்திரை வேண்டாம், டாக்டர் சொல்லும்போது மறுபடி தொடங்கலாம், திங்கட்கிழமை மறுபடி இரத்தம் பார்ப்போம். நெஞ்சுக்கு நல்லது வேண்டுமென்றால் அந்தக் கெம்போங் மீனையே சாப்பிடட்டும், மீனில் இல்லாதது போத்தலில் ஒன்றும் இல்லை. இனி வாய்க்குள் போகிற எதுவானாலும், குழம்பில் கரைத்தாலும் சோற்றில் பிசைந்தாலும், முதலில் எங்களிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் செல்வராணி தலையாட்டினாள். லோஷினியின் போத்தலை எடுத்து ஷர்மினி அதன் சின்ன எழுத்துகளைப் படித்தாள். கண்ணுக்கு இது எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்லமுடியாது, கண் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடு என்றாள். பிறகு செல்வராணி பக்கம் திரும்பி, இதன் தோல் மீன் தோலில் செய்தது ஆன்ட்டி, இங்கே போட்டிருக்கிறது பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினாள்.

திரும்பும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது லோஷினிதான் ஆரம்பித்தாள்.

"சந்துப் பூனை வாயில அந்தத் தோலப் பார்த்தேன் அத்தை. ரொம்ப நாளா. மாமா மாத்திரையைத்தான் உடைச்சு வீசுறீங்களோன்னு நெனச்சேன். உங்க கழுத்துல வேற ஒரு வாடை. கேக்க பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"உங்கள எப்படிக் கேக்கறது?"

செல்வராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே அடுப்படியில் ஆளுக்கொரு பக்கம் நின்று இத்தனை நாள் ஒருத்தியை ஒருத்தி வேவு பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, உன் பையைத் திறந்தது தப்புதான் என்றாள். லோஷினி தலையை மட்டும் ஆட்டினாள். இந்தத் தடவை அந்தப் பேசாமை செல்வராணியை உறுத்தவில்லை. கண்ணு எரிஞ்சா காரை நான் சொல்ற இடத்துல நிறுத்து, வெள்ளரிக்காய் வாங்கலாம் என்று ஆரம்பித்து, பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, வேணாம், டாக்டரையே கேளு என்றாள்.

கமலநாதன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. கேலி செய்திருந்தாலும் தேவலை. திங்கட்கிழமை அளவு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் வரப்புக்கே வந்துவிட்டது. கையிலிருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. ஆனால் அவர் மீன் குழம்பைத் தொடவில்லை. வெறும் மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழுந்தார். ஊறுகாய்ப் போத்தலைக்கூடத் தானே திறந்து தானே மூடினார்.

ஒரு மத்தியானம் அவள் பொறுக்கமுடியாமல் கெம்போங் மீன் வாங்கிக் குழம்பு வைத்துத் தட்டில் ஊற்றி அவர் முன் வைத்தாள். சுத்தமான குழம்பு. புளியும் மிளகாயும் மீனும் மட்டும். சத்தியமாக வேற ஒண்ணும் இல்லங்க என்றாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் துண்டைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். அப்புறம் தட்டை மேசை மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நீ ஒரு வாய் சாப்பிடு."

முப்பது வருஷத்துக்கு மேல் அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். பசி வயிற்றைக் கிள்ளினாலும் முந்தியதில்லை. அவள் நின்றபடியே தயங்கினாள். உட்காரு என்று நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, மீனைக் கிள்ளி ஒரு வாய் வைத்துக்கொண்டாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கிய பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் பிசைந்த இடத்திலிருந்தே சாப்பிடத் தொடங்கினார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். முதல் வாய் அவளுக்கு. லோஷினியின் போத்தல் குளிர்பெட்டியின் மேல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறது. கண் டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம். பிரேமலா கோயிலில் எதிரே வந்தால் செல்வராணி சிரிக்கிறாள், நிற்பதில்லை. பழைய ஊக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஊக்கு மாட்டிக்கொண்டாள்.

ஆனாலும் தட்டை இழுத்துக்கொள்வதற்கு முன்னால் கமலநாதன் ஒரு காரியம் செய்வார். குனிந்து குழம்பை முகர்வார். அதோடு விடாமல், எட்டி அவள் கழுத்துப் பக்கமாகவும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். லோஷினி பாத்திரம் கழுவுகிற பாவனையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாப்பிடுங்க, ஆறிப்போகுது என்பாள் செல்வராணி.